ஊட்டுல வெச்சுக்குங்க

எங்கள் கேமராக் குழுவில் எல்லோருக்கும் என்மேல் ஒரு வருத்தம். யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. கோயமுத்தூர்க்காரர்கள் அப்படியெல்லாம் பட்டென்று சொல்ல மாட்டார்கள். குழுவை நடத்தும் கார்த்தி போனில் கூப்பிட்டு, எங்கள் வீட்டு முருங்கை காய்த்ததா என்று கேட்டு, மழையைப் பற்றிப் பேசி, என் கண் ஆபரேஷன் பற்றி விசாரித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க்கா, ஞாயித்துக்கெழமை அந்தத் தம்பிகிட்ட கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் கூடுவோம். தேங்காய் பன்னும் டீயும் வரும். புதிதாக வந்திருக்கும் மிர்ரர்லெஸ் கேமரா வாங்கலாமா, இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் விலை இறங்குமா, செகண்ட் ஹேண்ட் லென்ஸில் பூஞ்சை இருந்தால் சுத்தம் செய்ய முடியுமா என்று பேச்சு ஓடும். போன தடவை புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, பையிலிருந்து துணி சுற்றிய பொருள் ஒன்றை எடுத்து வைத்தார். தங்க முலாம் பூசிய பழைய ஜெர்மன் கேமரா. தலையில் போர்க்காலத்து முத்திரை. ஆன்லைனில் வாங்கினாராம். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். "சூப்பருங்க", "செம பீஸுங்க" என்றார்கள். பிறகு என் பக்கம் தள்ளினார்கள்.

நான் லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தேன். "டூப்ளிகேட்டு தம்பி. திருப்பி அனுப்பிரு" என்றேன்.

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. பன்னைப் பாதியில் வைத்துவிட்டார். அதுதான் கார்த்திக்கு வருத்தம். ஏன் இப்படி முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன் என்று குழுவில் எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன். சொல்லும்போது எனக்கும் பயமாக இருந்ததை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. என்னைப் போன்றவள் கேமரா ரிப்பேருக்கு வந்ததே வேடிக்கை. சோமனூரில் வீட்டுக்குள்ளேயே தறி ஓடும் குடும்பம். தறிச் சத்தத்தில் சிறு மாற்றம் வந்தாலும் நூல் அறுந்ததைச் சொல்லிவிடுவேன். அந்தக் காதை நம்பித்தான் என் மாமா ஒருவர் காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடையில் என்னைச் சேர்த்துவிட்டார். பழைய கேமரா, லென்ஸ் வாங்கி விற்று, ரிப்பேரும் செய்யும் கடை. ஆரம்ப வருஷங்கள் முழுவதும் பயத்தில்தான் போயின. எள் மாதிரி ஒரு திருகாணி தரையில் விழுந்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். ஃபிளாஷைத் திறந்தால் கண்டென்சர் ஷாக் அடிக்கும் என்ற பயம். ஒரு முறை அடித்தும் விட்டது, அதற்கப்புறம் ஃபிளாஷ் வந்தால் முதலாளி பக்கம் தள்ளிவிடுவேன். அதெல்லாம் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை.

முதலாளி இப்ராகிம் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டைமேட்டுக்காரர். ஒல்லியான மனிதர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருப்பார். யாராவது கேமராவை நீட்டினால் கையிலிருந்து கைக்கு வாங்க மாட்டார். "கீழ வைங்க, நான் எடுத்துக்கறேன்" என்பார். கைமாறும்போது விழுந்தால் யார் போட்டது என்ற சண்டை வரும் என்று அவருக்குப் பயம். முதலில் கை கழுவுவார். ஈரம் போகத் துடைப்பார். கறுப்பு வெல்வெட் துணியை விரிப்பார். முதலில் பார்ப்பது திருகாணித் தலைகளை. வேறு யாராவது திறந்திருந்தால் தலை சிராய்த்திருக்கும். பிறகு தோல் உறையை மோந்து பார்ப்பார். பிறகு ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்துக் காதருகே அழுத்துவார். பிறகு லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பூஞ்சை பார்ப்பார். கடைசியில்தான் லென்ஸைக் கழற்றி உடம்புக்குள் எட்டிப் பார்ப்பார்.

அங்கேதான் பழைய ஜெர்மன் கேமராவின் குட்டு உடையும். அந்தக் காலத்தில் ரஷ்யாவில் அதே அச்சில் கேமரா செய்தார்கள். அதுவும் நல்ல கேமராதான், நான் குறை சொல்ல மாட்டேன். பின்னால் வந்த ஏமாற்றுக்காரர்கள் அதன் பெயரை ராவி எடுத்துவிட்டு, ஜெர்மன் பெயரையும் முத்திரையையும் வெட்டி, தங்க முலாமும் பூசி விற்றார்கள். வெளியே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே லென்ஸின் முதுகைத் தொட்டு நிற்கும் முனையை மாற்ற மெனக்கெட மாட்டார்கள். அசலில் அங்கே குட்டிச் சக்கரம் ஒன்று உருளும். போலியில் சக்கரம் இருக்காது, துவரம்பருப்பு மாதிரி ஒரு உலோக முனை இருக்கும்.

பருப்பைப் பார்த்துவிட்டால் பாய் ஒன்றும் சொல்ல மாட்டார். லென்ஸை மாட்டி, மூடியைப் போட்டு, கேமராவை வெல்வெட்டோடு மெல்ல வாடிக்கையாளர் பக்கம் நகர்த்துவார். "ரொம்பப் பழசுங்க. ஊட்டுல வெச்சுக்குங்க" என்பார்.

அவ்வளவுதான். டூப்ளிகேட் என்ற சொல் அந்தக் கடையில் வாடிக்கையாளர் காதில் விழக் கூடாது. பெண் பார்க்க வந்தவர்கள் "ஊட்டுக்குப் போயி சொல்லியனுப்பறோமுங்க" என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம்? அதே மாதிரிதான் இதுவும். பெரும்பாலானவர்களுக்குப் புரிந்துவிடும். லேசாகத் தலையை ஆட்டிவிட்டு எடுத்துப் போவார்கள். மனுஷனைக் கூட்டத்தில் வைத்து ஏமாந்தவன் என்று சொல்லக் கூடாது என்பது பாயின் குணம். நானும் அதை நல்ல குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலுச்சாமி என்று ஒருவர் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். பறவைகளைப் படம் எடுப்பதில் பைத்தியம். ஒரு நாள் தன் அப்பாவோடு கடைக்கு வந்தார். அப்பாவிடம் இப்படி ஒரு தங்க முலாம் கேமரா இருந்தது. மலை எஸ்டேட்டில் யாரோ ஒரு துரை பிரியத்தில் கொடுத்துவிட்டுப் போனதாகப் பெரியவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ஷட்டர் விழவில்லை என்று கொண்டுவந்திருந்தார்கள். பாய் தன் வழக்கமான வரிசையை முடித்து, பருப்பைப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். ரிப்பேரை என்னிடம் விட்டார்.

ஷட்டர் என்பது அந்தக் கேமராக்களில் ஒரு துணித்திரை. அதை இழுக்க இரண்டு மெல்லிய நாடா இருக்கும். அது இற்றுப்போயிருந்தது. அந்த அளவில் நாடா கடையில் கிடைக்காது. எங்கள் தெருவில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் நாடா நெய்கிற ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு துண்டு வாங்கிவந்து ஒட்டினேன். வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் ஒரே ஒரு பச்சை இழை. ஷட்டர் நன்றாக விழுந்தது.

கேமராவை வாங்க அப்பாவும் மகனும் வந்தபோது பாய் வழக்கப்படி மூடியைப் போட்டு நகர்த்தினார். "ரொம்பப் பழசுங்க. ஊட்டுல பத்திரமா வெச்சுக்குங்க. வெளிய யாருகிட்டயும் காட்டாதீங்க."

பெரியவர் ஒரு கணம் பாயைப் பார்த்துவிட்டு, "சரிங்க பாய்" என்றார். மகனோ கேமராவைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

பிறகு டிஜிட்டல் வந்தது. ஃபிலிம் கேமராக்கள் அலமாரிக்குப் போயின. வேலுச்சாமியின் அப்பா காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பல வருஷம் கழித்து ஒரு காலை, கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி முடித்த நேரம். படியில் காலடிச் சத்தம். அதற்கு முன்னால் காய்ந்த மிளகாய் நெடி வந்தது. எனக்குத் தும்மல் வந்தது.

வேலுச்சாமி உள்ளே வந்து கேமராவை வெல்வெட்டில் வைத்தார். கீழே வையுங்கள் என்று பாய் சொல்வதற்கே இடம் கொடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் டிரைவர் செல்வராசு, கையில் ஒரு மஞ்சப் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். நெடி அந்தப் பையிலிருந்துதான் வந்தது.

"பாய், நீங்க பெரியவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார் வேலுச்சாமி. குரல் உடைந்திருந்தது. "போன வாரம் எங்க போட்டோகிராபி கிளப்புக்கு இதைக் கொண்டுபோனேன். முப்பது பேரு முன்னால ஒருத்தன் போனைப் பாத்துக்கிட்டே, இது டூப்ளிகேட்டுங்கறான். அல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? பத்திரமா வெச்சுக்கோணும், யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொன்னீங்களா இல்லையா? அத்தனை ஒசத்தியான பொருளு எங்கீங்க போச்சு? எவனோ மாத்திப்போட்டான். அலமாரியைத் தொடைக்கச் சாவி வாங்குனவன் இவன் ஒருத்தன்தான்."

பாய் வாசலில் நின்ற செல்வராசைப் பார்த்தார்.

"போலீசுக்குப் போகலீங்க. எங்க ஊர்ல மாசாணியம்மன் இருக்கறா. மிளகா வாங்கியாச்சு. இங்கிருந்து நேராக் கோயிலுக்குத்தான். அதுக்கு முன்னாடி உங்க வாயால கேட்டுட்டுப் போயரலாம்னு வந்தேன். தப்பா அரைச்சுப்போட்டா அரைச்சவனுக்குத் திரும்புமுங்களே."

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொருளைப் பறிகொடுத்தவர்கள் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். எடுத்தவன் உடம்பு எரியும், அம்மன் கணக்குத் தீர்ப்பாள் என்று நம்பிக்கை. எனக்கும் நம்பிக்கை உண்டு. அந்தக் கோயில் பக்கம் பஸ்ஸில் போனாலே ஏதோ தப்புச் செய்தவளைப் போலக் கும்பிட்டுக்கொள்வேன்.

நான் வாசலுக்குப் போனேன். செல்வராசு பையைத் தரையில் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டிவந்தவர் அவர். தனக்கு அரைக்கப்போகிற மிளகாயைக் கடையில் நின்று வாங்கியதும் அவர்தானாம்.

"அக்கா, நான் எடுக்கலீங்க்கா" என்றார் மெதுவாக. "அம்மனுக்கு நான் பயப்படல. அவளுக்குத் தெரியும். ஊருக்குத்தான் பயமா இருக்குதுங்க. எனக்கு ஒரே புள்ள. அடிக்கடி மூச்சிரைப்பு வரும். மிளகா அரைச்சதுக்கு அப்பறம் அவளுக்கு ஒரு சளி புடிச்சாலும், பாரு திருட்டுப்பய, அம்மன் குடுத்துட்டான்னு சொல்லிப்போடுவாங்க. பொறவு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவேன்?"

அவர் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உள்ளே திரும்பினேன். பாய் நிலைமை எனக்குப் புரிந்தது. அன்றைக்கே போலி என்று இப்போது சொன்னால், அப்பவே ஏன் சொல்லவில்லை என்று வேலுச்சாமி கேட்பார். அதற்கும் மேல், கேமரா எங்கள் கடையில் வாரக்கணக்கில் ரிப்பேருக்குக் கிடந்தது. மாற்றியது நீங்கள்தான் என்று திரும்பினால்? மிளகாய் எங்கள் பேருக்கு அரைபடும்.  பாய் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனார்.

"எதுக்குங்க கோயிலுக்கெல்லாம் போயிட்டு? பாவம், புள்ளகுட்டிக்காரரு. உட்டுருங்க."

அவர் சொன்னது, தப்பு நடக்கவே இல்லை, விட்டுவிடுங்கள் என்று. வேலுச்சாமி காதில் விழுந்தது வேறு. திருடன்மேல் பாய் இரக்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டார். முகம் சிவந்து, "இது போதுமுங்க பாய்" என்று கேமராவை எடுத்தார். வாசலில் செல்வராசு மஞ்சப் பையை மாரோடு இறுக்கிக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "ஐயா, நில்லுங்க. கீழ வைங்க. அதைத் தொறக்கோணும்" என்றேன். பாய் என்னைப் பார்த்தார். அந்தக் கடையில் அவர் பேசி முடித்த பிறகு நான் பேசியதே இல்லை.

கை கழுவினேன். துடைத்தேன். துடைத்தும் ஈரம் போகவில்லை, வேர்வை. லென்ஸைக் கழற்றினேன். பருப்பு இருந்தது. அதை வைத்து ஒன்றும் ஆகாது. இது போலி என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வந்த அதே கேமராதானா என்பதுதான் கேள்வி. வெளிக்கூட்டைச் சுற்றியிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெல்வெட்டில் வரிசையாக வைத்தேன். கழற்றக் கழற்ற எனக்குள் வேறொரு பயம் ஏறியது. உள்ளே என் நாடா இல்லாவிட்டால்? அறுந்து, வேறு ஊரில் யாரிடமாவது கொடுத்து மாற்றியிருந்தால்? அப்போது செல்வராசை நானே என் ஸ்க்ரூடிரைவரால் கோயிலுக்கு அனுப்பியவள் ஆவேன். சும்மா இருந்திருக்கலாமே என்று தோன்றியது. கடைசித் திருகாணியில் கை நின்றுவிட்டது. பாய் டார்ச்சை எடுத்து எனக்குப் பிடித்தார்.  வெளிச்சம் மேஜையெல்லாம் ஓடியது.

வெளிக்கூட்டை உருவினேன். பழுத்துப்போன பருத்தி நாடா. ஓரத்தில் ஒரு பச்சை இழை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வேலுச்சாமியைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினேன். "இது எங்க தெருவுல நெய்யற நாடாங்க. நான் ஒட்டுனது. இது வேற எந்தக் கேமராவுலயும் இருக்காது. யாரும் மாத்தலீங்க. அன்னிக்கு வந்ததும் இதுதான்."

"அன்னிக்கே...?"

"அன்னிக்கே டூப்ளிகேட்டுங்க."

அந்தச் சொல் எங்கள் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாக விழுந்தது. கையை ஓங்குவார், கண்ணாடியை உடைப்பார், போலீசைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். வேலுச்சாமி அந்தப் பச்சை இழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாயிடம் திரும்பினார்.

"எங்கப்பனும் அன்னிக்குப் பக்கத்துலதான நின்னாரு?"

"ஆமாங்க."

"அவருக்கு?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "அவருக்குப் புரிஞ்சுதுங்க."

 வேலுச்சாமி கேமராவை எடுக்கவில்லை. படி இறங்கிப் போய்விட்டார். பாய் கை கழுவும் இடத்தில் போய் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றார். "அம்மணி, இனிமே நீயே சொல்லிரு" என்றார், முதுகைக் காட்டிக்கொண்டே. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை பருப்பு தெரிந்தால் வாயைத் திறந்து சொன்னவள் நான்தான். ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டுதான் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான். அந்தத் தம்பிக்கு இப்போது மனசு வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அவர் வீட்டு அலமாரியைத் துடைக்கிறவர் யார் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு வெளிக்கூட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது செல்வராசு மறுபடி மேலே வந்தார். ஐயா கேமராவைக் கேட்கிறார் என்றார். மஞ்சப் பையைக் காணோம், வண்டியில் வைத்துவிட்டாரோ, தெருவில் போட்டாரோ, நான் கேட்கவில்லை. கேமராவை அவரிடம் நீட்டினேன். கையில் வாங்க மாட்டேன் என்று பின்னால் நகர்ந்தார். கீழே வைத்தேன். குனிந்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஏனுங்க்கா, அந்த நாடா அதுக்குள்ள இல்லாமப் போயிருந்தா, நாந்தானுங்களே திருடன்?"

கீழே ஹாரன் அடித்தது. அவர் நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படியெல்லாம் ஆகியிருக்காதுங்க" என்றேன். அதுவும் மரியாதைக்குச் சொன்னதுதான்.